மூன்று டிஃப்ரன்ஷியலும் போனக்காட்டு வளைவும்

உதிரிபாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவனுக்கு வண்டியின் முகம் தெரியாது. அதன் அடிவயிறு மட்டும்தான் தெரியும். நீங்களும் ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் கால் கடுக்க நின்றவர் என்றால், நான் சொல்லப்போகிறவர்களில் இரண்டு பேரையாவது உங்கள் கடையிலும் பார்த்திருப்பீர்கள். பார்த்திருந்தால் என் மேல் உங்களுக்குக் கொஞ்சம் இரக்கம் வரும், அது போதும்.

பல் எண்ணும் உத்யோகம்

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து பன்னிரண்டு வருஷம், திருவனந்தபுரம் கிள்ளிப்பாலத்தில் ஜீப், பிக்கப் சாமான்கள் விற்கும் கடையில் இருந்தேன். வீடு ஸ்ரீவராகத்தில். எங்கள் தெருவில் பாங்கு, செக்ரட்டேரியட், காலேஜ் என்று போய்வருகிறவர்கள் நடுவில், நகக்கண்ணில் கிரீஸோடு வீடு திரும்புகிறவன் நான் ஒருவன்தான். கடையில் டைப் அடிக்கத்தான் சேர்ந்தேன். கவுண்டரில் நின்றவர் துபாய்க்குப் போனதும், ஒரு வாரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் முதலாளி. அந்த வாரம் முடியவேயில்லை. முதலாளியிலிருந்து சுமை தூக்குகிறவர் வரை எல்லோருக்கும் நான் 'சாமி' ஆகிவிட்டேன்.

என் பங்குக்கு வந்தது பின் அச்சு. லாரிக்குப் பின்னால் போகும்போது குனிந்து பார்த்தால், இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு வீக்கம் தெரியும். அதற்குள் இருப்பதுதான் டிஃப்ரன்ஷியல். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டுக்கும் சண்டை வராமல் இது பார்த்துக்கொள்ளும். பழைய சாமானில் எத்தனை பல் இருக்கிறதோ அத்தனை பல் உள்ளதைத்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒரு பல் தப்பினாலும் வண்டி திரும்பி வந்துவிடும், கூடவே வண்டிக்காரரும் வருவார். அதனால் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு இரண்டு தடவை எண்ணுவேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் விரல் தானாக எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு நாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்த என் மனைவி லலிதா, என் விரலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அடுத்தாத்து மாமி, உங்காத்துக்காரருக்கு என்ன உத்யோகம்னு கேக்கறா. கார்த்தாலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சக்கரத்துக்குப் பல் எண்றார்னு சொன்னா நம்பமாட்டா. பாங்குன்னே சொல்லிடட்டுமா?"

சுற்றாத சாமான்

எங்கள் முதலாளிக்கு ஏலம் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், பாதிச் சாப்பாட்டில் எழுந்து கிளம்பிவிடுவார். எங்கோ ஓர் அணைக்கட்டு வேலை முடிந்து, அங்கே ஓடிய வெளிநாட்டு வண்டிகளை உடைத்து விற்றார்கள். அதிலிருந்து மூன்று டிஃப்ரன்ஷியலை டெம்போவில் ஏற்றிவந்து இறக்கினார். நம் ஊர் பிக்கப்பின் பின் அச்சுக்கு அளவு சரியாக இருந்தது. அதற்கு மேல் அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை.

கடைக்குப் பின்னால் ஷெட் போட்டிருந்த மெக்கானிக் தேவசகாயம் மேஸ்திரி மார்த்தாண்டத்துக்காரர். ஒன்றை எடுத்து வைஸ் இடுக்கியில் இறுக்கி, இரண்டு பக்கமும் ஆக்சில் தண்டைச் சொருகி, ஒரு பக்கத்தைத் திருப்பினார். சாதாரண டிஃப்ரன்ஷியல் என்றால் மறுபக்கத் தண்டு எதிர்த்திசையில் லேசாகச் சுற்றும். இது அசையவில்லை. மூன்றும் துருப்பிடித்து இறுகிவிட்டது என்று முதலாளி வாடிப்போனார். மேஸ்திரி கூட்டைத் திறந்தார். உள்ளே பல்சக்கரங்களை ஒட்டி, அடுக்கடுக்காக மெல்லிய பிளேட்டுகள். நான் புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த லிமிட்டட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல் இதுதான்.

முதலாளிக்கு நான் விளக்கினேன். சாதாரண டிஃப்ரன்ஷியலில் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சும்மா சுற்ற ஆரம்பித்தால், என்ஜினின் பலம் முழுக்க அந்தப் பக்கமே வழிந்து போய்விடும். தரையில் ஊன்றி நிற்கிற சக்கரத்துக்கு ஒன்றும் கிடைக்காது. ஏதாவது ஓர் ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. இந்தப் பிளேட்டுகளோ இரண்டு பக்கத்தையும் ஓரளவு சேர்த்துப் பிடித்து, ஊன்றி நிற்கிறவனுக்கும் பங்கு வாங்கிக் கொடுக்கும். கால் மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த முதலாளி கடைசியில் தன் மலையாளத் தமிழில் சொன்னார்: "எல்லாம் செரி சாமி. பக்ஷே கையால சுத்திப் பார்த்தா கறங்காத சாதனத்தை ஆரு வாங்கும்?"

கவடியார் முனகல்

வாங்குவதற்கு முதல் ஆள் மறு வாரமே வந்தார். கவடியாரில் வீடு கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர், விஜயன் சார். இந்தச் சாமான் விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு: வண்டி எங்கே ஓடுகிறது? கவடியார், பட்டம், வெள்ளையம்பலம் என்றார். முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளலாம் போன்ற தார் ரோடு. "சேறே பாக்காத வண்டிக்கு இது வேண்டாம் சார், சாதாரணமே போதும்" என்றேன். கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்களுக்குத் தெரியும், வேண்டாம் என்று சொன்ன நிமிஷத்திலிருந்துதான் வாங்க வந்தவருக்கு ஆசை முளைக்கும். வெளிநாட்டுச் சாமான் என்ற ஒன்றே அவருக்குப் போதுமாக இருந்தது.

பத்து நாளில் திரும்பி வந்தார். திரும்பும்போதெல்லாம் பின்னால் யாரோ முனகுகிறார்கள் என்றார். அவரோடு ஏறி வெள்ளையம்பலம் ரவுண்டானாவை மூன்று தடவை சுற்றினேன். கன்று போட்ட எருமை மாதிரிதான் இருந்தது சத்தம். பிளேட்டுகளுக்கென்று தனி எண்ணெய் இருக்கிறது. சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் பிளேட்டுகள் ஒட்டி ஒட்டி விலகிச் சத்தம் போடும். அந்த எண்ணெயின் பெயரை நான் எழுதிக் கொடுத்த சீட்டின் பின்பக்கத்தில் அவர் ஒரு குளியலறைக்கு டைல்ஸ் கணக்குப் போட்டு வைத்திருந்தார். எண்ணெயை மாற்றி, ஒரு மைதானத்தில் மெதுவாக எட்டுப் போட வைத்தோம். சத்தம் நின்றது. எனக்குப் பரம திருப்தி. அவருக்கு அப்படியில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாகச் சொன்னார்: "இப்போ சத்தம் இல்ல சாமி. பக்ஷே சத்தமே இல்லைன்னா, இப்படி ஒண்ணு உள்ள கிடக்குன்னு நாலு பேர் எப்படி அறியும்?"

தேங்காய் உடைத்த டிஃப்ரன்ஷியல்

இரண்டாவதை வாங்கியவர் சாலை பஜாரில் வாழைக்குலை மொத்த வியாபாரம் செய்த முத்துமாலை அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய பிக்கப் நெய்யாற்றங்கரைத் தோப்புகளுக்குள் இறங்கி, வரப்புச் சேற்றில் நின்று குலை ஏற்றும். என் ஒற்றைக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலில் நான் குளிர்ந்துபோய் உடனே எடுத்துக் கொடுத்தேன்.

இந்த ஊரில் புது வண்டி வாங்கினால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் யாரும் முதல் கியரைத் தாண்டுவதில்லை. வண்டி பழசாக இருந்தாலும் சாமான் புதுசுதானே என்பது அண்ணாச்சியின் கட்சி. சாக்கில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றி, மடியில் வைத்துக்கொண்டார். துணைக்கு நானும் போனேன். பிள்ளையார் எத்தனையோ வண்டியைப் பார்த்தவர். வண்டியில்லாமல் வெறும் டிஃப்ரன்ஷியலை அன்றுதான் பார்த்திருப்பார். அண்ணாச்சி மனசு நிறைந்து கும்பிட்டு, கையிலிருந்த சந்தனத்தைத் தாராளமாகப் பல்சக்கரத்தில் அப்பிவிட்டார். பிளேட்டுகளுக்கு நடுவிலிருந்து சந்தனத்தை வழித்தெடுக்க மேஸ்திரிக்கு ஒரு மத்தியானம் முழுக்க டீசலும் பிரஷும் வேண்டியிருந்தது. ஷெட் இரண்டு நாள் மணத்தது.

மாட்டி முடித்ததும் மேஸ்திரி அண்ணாச்சியின் டிரைவரிடம் ஒன்றே ஒன்றை மூன்று தடவை சொன்னார். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு கியர் போடாதே. இது மற்ற சாமான் மாதிரி இல்லை, தரையில் நிற்கிற சக்கரத்துக்கும் பலம் போகும், வண்டி நடந்துவிடும். டிரைவர் தலையாட்டினார். இருபது வருஷமாக டயர் மாற்றியதும் கியரைப் போட்டு, சக்கரம் ஆடாமல் சுற்றுகிறதா என்று பார்த்த கை அது. ஒரு மாதம் கழித்து கோடவுன் வாசலில் பஞ்சர். டயரை மாட்டி, பழக்க தோஷத்தில் கியரைப் போட்டார். வண்டி ஜாக்கியை உதறிவிட்டு, அடுக்கி வைத்திருந்த நேந்திரங்குலைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. நல்லவேளை, யாருக்கும் கீறல்கூட இல்லை. விஷயம் கேள்விப்பட்டு நான் ஓடினேன். அண்ணாச்சி நசுங்கிய பழம் ஒன்றை உரித்துச் சாப்பிட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "வண்டி எங்கயும் நிக்காம ஓடணும்னுதான் சாமி வேண்டிக்கிட்டேன். ஜாக்கியில நிக்கும்போது மட்டும் ஓட வேண்டாம்னு தனியாச் சொல்லியிருக்கணும் போல."

மூன்றாவதற்கு இரண்டு பேர்

ஒன்றுதான் மிச்சம். அதைக் கோவளத்தில் ஹோட்டல் நடத்திய ஒருவர் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். மணலில் வண்டியை ஓட்டி விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்ட வேண்டுமாம். அந்த வாரமே செல்லையா வந்தார்.

செல்லையா போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கும் கீழே விதுராவுக்கும் நடுவில் பழைய பிக்கப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரேஷன் அரிசி, சந்தை எல்லாம் அந்த வண்டியில்தான். கவுண்டரில் விரலால் மலைப்பாதையை வரைந்து காட்டினார். "இந்த வளைவுல ஓடை குறுக்க வரும் சாமி. மழைன்னா எடது சக்கரம் சேத்துல எறங்கிரும். அது மட்டும் கெடந்து கறங்கும். வலது சக்கரம் சும்மா பாத்துக்கிட்டு நிக்கும். எல்லாரும் எறங்கித் தள்ளணும்." நான் முதலாளிக்குக் கால் மணி நேரம் விளக்கியதை அவர் நாலு வரியில் சொல்லிவிட்டார்.

லயத்துப் பெண்களுக்குத் தள்ளித் தள்ளி அலுத்துவிட்டது. இந்த மழைக்கும் தள்ள வேண்டியிருந்தால், அடுத்த மாதத்திலிருந்து விதுராவிலிருந்து வரும் நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்பில் போய்க்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் பேச்சில் செல்லையா குற்றம் காணவில்லை. ஆனால் அவர்கள் போய்விட்டால் அவர் வண்டியில் ஏற வேறு ஆளில்லை, செய்ய வேறு வேலையும் இல்லை. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு இது ஈடாகாது, மந்திரமும் இல்லை என்று ஒளிக்காமல் சொன்னேன். "அது வாங்க முடிஞ்சா நான் எதுக்கு சாமி பஸ் ஏறி உங்ககிட்ட வாரேன்" என்றார்.

கோவளத்துக்கு 'தீர்ந்துவிட்டது' என்று போன் செய்தேன். பொய்தான். செல்லையாவுக்கு எடுத்து வைத்த பிறகு அது பொய்யில்லாமல் போய்விட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் முதலாளி நிற்கிறார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "சாமி வியாபாரம் செய்யுதா, பெண்ணுக்கு மாப்பிள்ளை நோக்குதா, எனக்கு மனசிலாகல."

ஒரு புது டயர்

மாட்டுவதற்கு வந்த அன்று செல்லையா நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வண்டியைக் கழுவி, இடது பின்சக்கரத்துக்குப் புது டயரும் வாங்கிப் போட்டிருந்தார். சேற்றில் வழுக்குவது அந்தச் சக்கரம்தானே, அதற்குத்தானே நல்ல டயர் வேண்டும். வலது பக்கத்தில் பழைய வழுக்கை டயர். அவருடைய கணக்கில் பிழை சொல்ல எனக்கும் தோன்றவில்லை. சந்தோஷமாக மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

மேஸ்திரி இரண்டு டயரையும் தடவிப் பார்த்துவிட்டு ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். தேய்ந்த டயர் சின்னது, புது டயர் பெரியது. சின்னது கூடுதலாகச் சுற்ற வேண்டும். நேர் ரோட்டிலும் பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே போகும். இரண்டு மாதத்தில் தேய்ந்து சாதாரணச் சாமான் ஆகிவிடும். செல்லையா முகம் தொங்கிப்போனது. இன்னொரு டயருக்கு அப்போது வழியில்லை என்று சொல்லாமலே தெரிந்தது. மேஸ்திரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முன்னால் இருந்த டயர் இரண்டும் ஒரே அளவில் தேய்ந்தவை என்று கண்டுபிடித்தார். அவற்றைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்ததை முன்னால் மாற்றினார். முன்சக்கரம் இழுக்கிற சக்கரம் இல்லை. கொஞ்ச நாளைக்கு ஸ்டியரிங் ஒரு பக்கம் சாயும், அவ்வளவுதான். ஜோடி கிடைத்ததும் மாற்றிவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஒத்தக் காலுக்கு மட்டும் புதுச்செருப்பு வாங்கிப் போட்டுக்கிட்டு மலை ஏறிப் பாரும் செல்லையா. இடுப்பு என்ன பாடு படும்னு அப்பம் தெரியும்."

வளைவில்

ஜூன் மழை பிடித்ததும் செல்லையா போன் செய்தார், சாமி ஒரு தடவை கூட வரணும் என்று. முதலாளி லீவு கொடுத்தார். விதுரா வரை பஸ். அங்கிருந்து பிக்கப்பில் அவர் பக்கத்தில். பின்னால் சந்தை முடித்துத் திரும்பும் பெண்கள் பத்துப் பேர், பைகளோடு. அவர்களில் பேச்சியம்மா என்பவர்தான் ஜீப்புக்கு மாறுவோம் என்று முதலில் சொன்னவர். ஐம்பது வயதிருக்கும். குரலுக்கு மைக் தேவையில்லை.

வளைவு வந்தது. செல்லையா வண்டியை நிறுத்தக்கூட இல்லை, மெதுவாக்கினார். அதற்குள் கூரையில் தட்டிவிட்டு அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். செருப்பைக் கழற்றி ஒரு பாறையில் வரிசையாக வைத்து, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தள்ளுவதற்கு நின்றார்கள். இத்தனை வருஷப் பழக்கம். தள்ள வேண்டாம், இன்றைக்கு வண்டியே ஏறும் என்று செல்லையா சொன்னதும், சரி பார்ப்போம் என்று ஒதுங்கி நின்றார்கள். பாரம் குறைந்தது நல்லதுதான் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கியரைப் போட்டார். இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றியது, சேற்றை வாரி இறைத்தது, வண்டியின் பின்பாகம் ஓடைப் பக்கம் வழுக்கியது. செல்லையா என்ஜினை அணைத்துவிட்டார். "முன்னெல்லாம் ஒண்ணு சுத்தும், இப்ப ரெண்டும் சுத்துது" என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது. செல்லையா என்னைப் பார்க்கவில்லை; ஸ்டியரிங்கில் வைத்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. கோவளத்து மணலில் வேடிக்கை காட்டியிருக்க வேண்டிய சாமானை ஒரு மனிதரின் பிழைப்பில் மாட்டிவிட்டேனே என்று தோன்றியது.

இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். வண்டியின் பின்பாகம் ஆளில்லாமல், உயரமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. பிளேட்டுகள் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். தரையில் அழுத்திப் பிடிக்க அவற்றால் முடியாது. அதற்கு மேலே பாரம் வேண்டும். அந்தப் பாரம் செருப்பைக் கழற்றிவிட்டு ரோட்டோரம் நிற்கிறது. எல்லோரும் ஏறுங்கள் என்றேன். ஒருவரும் அசையவில்லை. "வழுக்குற வண்டியில ஏறச் சொல்லுதீரே சாமி, நல்லா இருக்கீரா?" என்றார் பேச்சியம்மா. பேசிப் பயனில்லை என்று நானே ஏறி, கடைசியில், சக்கரத்துக்கு மேலே ஓர் அரிசிப் பையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பேச்சியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் ஏறியதும் மற்ற ஒன்பது பேரும் ஏறினார்கள்.

"மிதிக்காதீங்க, மெள்ள விடுங்கோ" என்று கத்தினேன். வண்டி நகர்ந்தது. இடது சக்கரம் ஒரு தடவை வழுக்கியது. அடியில் லேசாக ஒரு முனகல். வலது சக்கரம் கல்லைப் பிடித்தது. ஓடையைத் தாண்டி, வளைவைத் தாண்டி, மேட்டின் உச்சியில் போய் நின்றது. செல்லையா இறங்கி வந்து பின்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். பேச்சியம்மா மட்டும் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இத்தனை வருசமா எறங்கித் தள்ளுனோம். ஏறி உக்காந்தாலே போதும்னு ஒருத்தரும் சொல்லலையே. சரி செல்லையா, ஜீப்புக்காரனை வர வேண்டாம்னு சொல்லிரு. இப்ப ஆராவது கீழ போயி எங்க செருப்பை எடுத்துட்டு வாங்க."

பத்து ஜோடியையும் இரண்டு தடவை எண்ணி எடுத்துக்கொண்டு மேடேறியவன் நான்தான் என்பதால், அடுத்தாத்து மாமி மறுபடி கேட்டால் பாங்கு உத்யோகம் என்றே சொல்லிவிடும்படி அன்று வீட்டுக்கு வந்ததும் லலிதாவிடம் கேட்டுக்கொண்டேன்.